சுற்றவாளி என்றொரு சொல்

(எமது பாடசாலையின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் பதுளையில் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்று நினைத்து வந்திருப்பீர்கள். தேநீரில் சீனியைக் குறையுங்கள், தினமும் அரை மணி நேரமாவது நடவுங்கள். அதைச் சொல்லிவிட்டேன். மிகுதி நேரத்தில் ஒரேயொரு சொல்லைப் பற்றிப் பேச எனக்கு அனுமதி தாருங்கள். அந்தச் சொல் 'சுற்றவாளி'.

வைத்தியருக்கும் நீதிமன்றச் சொல்லுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். என்னிடம் வருபவர்களின் நோய்கள் பலவிதம். ஆனால் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். பசறையிலிருந்து வருபவரும் கேட்பார், மடுல்சீமையிலிருந்து வருபவரும் கேட்பார்: "நான் என்னா குத்தம் செஞ்சேன், டாக்டரம்மா?" பக்கத்துச் சிங்களக் கிராமத்துத் தாயும் தன் மொழியில் அதையே கேட்பார். மருந்துச் சிட்டையில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. என்றாலும் பதில் சொல்லாமல் அனுப்ப முடியாது. அந்தப் பதிலுக்கு உரிய சொல் எது என்று தேடிப் பார்த்ததில் கிடைத்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இலங்கையில் தமிழ்ப் பத்திரிகை வாசிக்கும் எவருக்கும் இச்சொல் புதிதல்ல. நீதிமன்றத்தில் குற்றச்சாட்டு வாசித்துக் காட்டப்படும். எதிரி, 'நான் சுற்றவாளி' என்பார். வழக்கு விளக்கத்துக்கு நாள் குறிக்கப்படும். தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்களிடம் இச்சொல்லைச் சொன்னால் சற்று விழிப்பார்கள். அங்கே 'நிரபராதி' என்பதே வழக்கு. சுற்றவாளி நமது நாட்டுத் தமிழில் நிலைத்த சொல்.

முதலில் இதன் வாலைப் பார்ப்போம். 'ஆள்' என்றால் ஆளுதல், உடைமையாகக் கொள்ளுதல். அதிலிருந்து வருவது 'ஆளி'. ஒன்றை உடையவர், ஒன்றுக்கு உரியவர் என்பது பொருள். தொழிலை உடையவர் தொழிலாளி. முதலை உடையவர் முதலாளி. நோயை உடையவர் நோயாளி. கடனை உடையவர் கடனாளி. குற்றத்தை உடையவர் குற்றவாளி. இந்த ஐந்து சொற்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் மலைநாட்டின் சரித்திரத்தில் பாதி அதற்குள் அடங்கிவிடும். அதற்குப் பின்னர் வருகிறேன்.

இப்போது தலையைப் பார்ப்போம். 'சுற்ற' என்பது எங்கிருந்து வந்தது? இதே பொருளில் 'சுத்தவாளி' என்ற வடிவமும் நம்மிடம் உண்டு. சுத்தம் உடையவர், கறை இல்லாதவர் என்பது அதன் நேர்ப்பொருள். அது 'சுற்றவாளி' ஆன விதத்துக்கு எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் விளக்கம் இதுதான். நாம் பேசும்போது 'ற்ற' என்பதைத் 'த்த' என்றே உச்சரிக்கிறோம். காற்று காத்து ஆகிறது. நேற்று நேத்து ஆகிறது. குற்றவாளி குத்தவாளி ஆகிறான். எழுதும்போது குத்தவாளியைக் குற்றவாளி என்று திருத்தி எழுதிப் பழகிய கை, சுத்தவாளியையும் கொச்சை என்று நினைத்துச் சுற்றவாளி என்று திருத்தியிருக்கும். இரண்டும் சோடியாக ஒலிக்கவே அந்தத் திருத்தம் நிலைத்துவிட்டது.

தமிழாசிரியர்கள் கோபிக்க வேண்டாம். இந்தத் திருத்தத்தால் ஒரு புதுப்பொருள் வந்து சேர்ந்திருக்கிறது. 'சுற்றம்' என்றால் உறவினர், சூழ நிற்பவர்கள். எழுத்தை அப்படியே நம்பிப் படித்தால் சுற்றவாளி என்பவர் சுற்றம் உடையவர். சொல்லின் பிறப்பு அதுவல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தப் பொருளை மறந்துவிடாமல் கையோடு வைத்திருங்கள். இது நமக்குப் பயன்படும்.

குற்றம் இல்லாதவரைக் குறிக்க நம்மிடம் வேறு சொற்களும் உண்டு. 'நிரபராதி' வடமொழி வழி வந்தது. அபராதம் செய்யாதவர் என்பது பொருள். அபராதம் என்பதன் அடியில் 'குறி தவறுதல்' என்ற கருத்து இருக்கிறது. எய்த அம்பு இலக்கில் படாமல் போவது போல, நடத்தை நெறியில் படாமல் போவது.

'அப்பாவி' இன்னொன்று. பாவியின் எதிர்ச்சொல், பாவம் செய்யாதவர் என்று விளக்குவார்கள். ஆனால் நாம் அப்பாவி என்று யாரைச் சொல்கிறோம்? சூதுவாது தெரியாதவரை, எளிதில் ஏமாறுபவரை, எதிர்த்துப் பேச வாயில்லாதவரை. 'அப்பிராணி' என்பதும் அப்படித்தான். குற்றமின்மையைச் சொல்ல வந்த சொல் நாளடைவில் இயலாமையைச் சொல்லும் சொல்லாகிவிட்டது.

எல்லாவற்றிலும் விசித்திரமானது 'பாவம்'. செய்த தீவினைக்கும் அதுதான் பெயர். துன்பப்படுபவரைப் பார்த்து நாம் இரங்கிச் சொல்வதும் அதுதான். "பாவம் செய்தவன்" என்றால் குற்றம். "பாவம், அவன்" என்றால் இரக்கம். சிங்களத்திலும் அப்படியே. 'பவ்' என்றால் பாவம். "அனே பவ்" என்றால் ஐயோ பாவம். பதுளை பஸ் நிலையத்தில் இரண்டு மொழியிலும் ஒரே தொனியில் இதைக் கேட்கலாம். முன்செய்த வினையால்தான் இன்று துன்பப்படுகிறார் என்ற பழைய எண்ணமே இவ்விரு பொருளையும் ஒரு சொல்லுக்குள் கட்டி வைத்திருக்கும் என்று நினைக்கிறேன். நாம் இரங்குகிறோம், இரங்கும்போதே அவரிடம் ஒரு கணக்குப் பாக்கி இருப்பதாகவும் சொல்லிவிடுகிறோம்.

சிங்கள நீதிமன்ற மொழியில் குற்றவாளி 'வரதகரு', சுற்றவாளி 'நிவரதிகரு'. தவறு இழைத்தவர், தவறு இல்லாதவர். அன்றாடப் பேச்சில் அப்பாவியை 'அஹிங்சக' என்பார்கள். எவருக்கும் தீங்கு செய்யாதவர் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் 'இன்னொசன்ட்' என்பதும் அச்சொட்டாக அதே பொருள்தான். தீங்கு செய்தல் என்ற பொருளுடைய 'நொசேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து, தீங்கு செய்யாதவர் என்று பிறந்த சொல் அது. முதலாவதாக நோயாளிக்குத் தீங்கு செய்யாதே என்று மருத்துவ மாணவருக்குச் சொல்லித் தரும் பழைய லத்தீன் வாசகத்திலும் இந்த 'நொசேரே' வருகிறது. வைத்தியருக்குச் சொல்லும் முதற் புத்திமதியும் குற்றமின்மையைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை.

அஹிங்சக என்றதும் ஒரு கதை நினைவுக்கு வரவேண்டும். பௌத்த மரபில் அங்குலிமாலனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் அஹிங்சகன் என்பார்கள். வழிமாறிக் கொலைகாரனாகி, பின் புத்தரைச் சரணடைந்து துறவியானவர் அவர். பிரசவ வேதனையில் தவித்த ஒரு பெண்ணுக்கு முன், தான் இந்தப் புதிய வாழ்வில் அறிந்து எவ்வுயிரையும் கொன்றதில்லை என்ற உண்மையைச் சொல்லி, அந்த உண்மையின் பலத்தால் அவள் சுகமாகப் பிரசவிக்க வேண்டினார் என்கிறது கதை. இன்றும் நம் அயல் வீடுகளில் கர்ப்பிணிகளுக்காக அங்குலிமால பிரித் ஓதுகிறார்கள். பிரசவ அறையின் வாசலில் குற்றமும் குற்றமின்மையும் வந்து நிற்பது புதிதல்ல என்பதற்காக இதைச் சொன்னேன்.

சொற்களை இப்படிப் பரப்பி வைத்துப் பார்த்தால் இரண்டு குவியல்கள் தெரியும். ஒன்றில் அப்பாவி, அப்பிராணி, பாவம். இவை இரக்கச் சொற்கள். மற்றதில் நிரபராதி, சுற்றவாளி. இவை தீர்ப்புச் சொற்கள். இரக்கத்தைக் கொடுப்பவர் விரும்பினால் கொடுப்பார், விரும்பாவிட்டால் விடுவார். தீர்ப்பு அப்படியல்ல. அது ஒருவருக்கு உரித்தானது. சுற்றவாளி என்று தீர்ந்த பிறகு அவர் தலை நிமிர்ந்து வாசலைத் தாண்டி வெளியே நடக்கலாம். நமது அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரையும் அதைத்தான் உறுதி செய்கிறது: குற்றம் எண்பிக்கப்படும் வரை எவரையும் சுற்றவாளியாகவே கொள்ளவேண்டும்.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். கண்ணகி மதுரை அரண்மனைக்குப் போனது "ஐயோ பாவம்" கேட்பதற்காக அல்ல. அங்கே அது தாராளமாகவே கிடைத்திருக்கும். அவள் வழக்கை மீண்டும் திறக்கச் சொன்னாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று சாட்சிப் பொருளை உடைத்துக் காட்டினாள். கோவலன் கள்வன் அல்லன் என்று தீர்ப்பு மாறியது. தமிழர் கண்ணகி அம்மன் என்றும் சிங்களவர் பத்தினி தெய்யோ என்றும் இந்நாட்டில் கும்பிடுவது, இரக்கத்துக்குப் பதிலாக நியாயத்தைக் கேட்டு வாங்கிய ஒரு பெண்ணை.

இனி, முன்பு சொன்ன அந்த ஐந்து ஆளிகளுக்கு வருகிறேன். தோட்டத்தில் தொழிலாளியாக வந்தவர் கப்பல் ஏறும் முன்பே கடனாளி. வழிச் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறியிருக்கும். 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, வேலை ஒப்பந்தத்தை மீறி அறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டுப் போவது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். இவருடைய கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிய கடதாசி அது. கடனைக் கட்டத் தொழிலாளியிடம் பணம் ஏது? புதிய தோட்டம் கட்டும். கடனாளியாகவே கைமாறுவார். துண்டின்றிப் புறப்பட்டால் குற்றவாளி. தொழிலாளி, கடனாளி, குற்றவாளி என்று ஒரே ஆளின் மேல் மூன்று பெயர்கள் விழுந்தன. காடும் குளிரும் சேர்ந்து நோயாளி என்ற நான்காவதையும் போட்டன. முதலாளி என்ற ஐந்தாவது மட்டும் லயத்துக்கு வரவேயில்லை. துண்டு முறையை 1921 இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நம் பாடசாலை நூறு வயதைத் தொடும்போது, அந்த முறை போய் ஏறத்தாழ அவ்வளவு காலம்தான் ஆகிறது என்பதை இளம் மாணவிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

துண்டு போனாலும் பழக்கம் போகவில்லை. கொழுந்து நிறை குறைந்தால் இன்றும் 'அரைப்பேர்' என்பார்கள். மழை பெய்திருக்கும், மலை காய்ந்திருக்கும், எடுப்பவளின் உடம்பில் இரத்தம் இருக்காது. என்றாலும் குறைந்தது அவளுடைய பேர்.

1948 இல் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. எந்த வழக்கும் இல்லை, குற்றப்பத்திரம் இல்லை, எதிரிக் கூண்டு இல்லை. தீர்ப்பின் விளைவு மட்டும் வந்தது. நம் பாட்டன் பாட்டிமார் நாடற்றவர் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் இரு நாட்டுத் தலைவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 975,000 பேரில் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிகுதி பிறகு என்று எண்ணிப் பிரித்தார்கள். உங்களில் பலருடைய வீட்டில் அந்த நாளில் தெமோதரையிலோ பதுளையிலோ ரயிலேறிப் போய்த் திரும்பி வராத ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார். மிகுதி இருந்தவர்களுக்கும் வழி திறந்தது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான். இந்த 55 வருடமும் நமக்காகப் பேசிய நல்லவர்களும் நம்மை 'அப்பாவித் தோட்டத் தொழிலாளர்' என்றே எழுதினார்கள். அவர்களுடைய அன்பில் குறையில்லை. ஆனால் அப்பாவிக்குக் கிடைப்பது நிவாரணம். சுற்றவாளிக்குக் கிடைப்பது உரிமை.

ஓர் அரசாங்கம் நினைத்தால் பழியை நீக்கிக் கையெழுத்திட முடியும் என்பதற்கு ஊவாவிலேயே சாட்சி உண்டு. வெலிமடைப் பக்கம் போகும் பஸ்ஸில் 'கெப்பெட்டிபொல' என்று ஊர்ப் பலகை பார்த்திருப்பீர்கள். 1818 இல் ஊவா வெல்லஸ்ஸக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கெப்பெட்டிபொல திசாவையையும் மற்றவர்களையும் ஆங்கில ஆளுநர் பிரவுன்றிக் துரோகிகள் என்று அறிவித்தார். அதே ஆண்டு நவம்பரில் கண்டியில் அவர் தலை வெட்டப்பட்டது. 2016 டிசம்பரில் இந்நாட்டு ஜனாதிபதி அந்தப் பழைய அறிவித்தலை நீக்கி, அவர்களைத் தேசிய வீரர்கள் என்று பிரகடனம் செய்தார். இறந்து 198 வருடத்துக்குப் பிறகு ஏன் இது என்று சிலர் கேட்டார்கள். பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளுக்கும் அது வேண்டியிருந்தது என்பதே பதில்.

தீர்ப்புச் சொல்லுக்கும் எல்லை உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்களைக் கும்பலொன்று தாக்கியது. 25 பேருக்கு மேல் கொல்லப்பட்டனர். 2003 இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005 இல் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்போடு தண்டனை பெற்றவர் என்று ஒருவரும் மிஞ்சவில்லை. எதிரி ஒருவர் விடுதலையானார் என்றால் அவர்மீது குற்றம் எண்பிக்கப்படவில்லை என்பதே சட்டத்தின் பேச்சு. குற்றமே நடக்கவில்லை என்பது அதன் பொருளாகாது. இறந்த பிள்ளைகளின் தாய்மாருக்கு எந்த மன்றமும் ஒரு சொல்லும் தரவில்லை. நம் ஊரில் நடந்தது. அதனால் அவர்களை நாமாவது நினைக்க வேண்டும்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கும்போதே, "எழும்பிப் போகச் சொல்லி முன்பே எச்சரித்தார்களாம், இவர்கள் போகவில்லையாம்" என்ற பேச்சு பரவியது. எச்சரிக்கை முந்தைய ஆண்டுகளில் வந்தது உண்மை. எங்கே போவது? லயத்து அறை அவர்களுடையதல்ல, நிலம் அவர்களுடையதல்ல, போகச் சொன்ன இடத்தில் வீடு கட்டிக் கொடுத்திருக்கவும் இல்லை. இறந்தவர்களைப் பார்த்து நாடு முழுவதும் "பாவம்" என்றது. அந்தப் 'பாவம்' என்ற சொல்லுக்குள்ளேயே குற்றச்சாட்டும் ஒளிந்திருந்ததைக் கவனித்தீர்களா?

இப்போது என் அறைக்குள் வாருங்கள். அங்கே குற்றப்பத்திரத்தை மாமியார் வாசிப்பார், கணவர் வாசிப்பார், சில வேளை வைத்தியசாலையில் வெள்ளை உடுப்புப் போட்டவர்களும் வாசிப்பார்கள். "ஒழுங்காகச் சாப்பிடவில்லை", "சொன்னதைக் கேட்கவில்லை", "இவ ராசி அப்படி". ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

மூன்றும் பெண் பிள்ளை என்று ஒருத்தியைக் குறை சொல்கிறார்கள். தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ் நிறமூர்த்தம்தான் இருக்கும். எக்ஸா வையா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு. பிள்ளை இல்லை என்று ஒருத்தியை மட்டும் கோயில் கோயிலாக அலைய விடுகிறார்கள். அப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறத்தாழப் பாதியில் ஆணின் பக்கமும் காரணம் உண்டு. அவரையும் பரிசோதனைக்குக் கூட்டி வாருங்கள். ஆரம்ப மாதங்களில் கரு கலைந்துவிட்டது, பாரம் தூக்கினாள், படி ஏறினாள் என்கிறார்கள். அப்படிக் கலைவதில் பெரும்பாலானவை கருவின் நிறமூர்த்தங்களில் நேர்ந்த கோளாறால் நிகழ்கின்றன. எவரும் செய்ததல்ல. தலசீமியாப் பிள்ளை பிறந்தால் தாயின் வம்சம் என்கிறார்கள். தாய், தந்தை இருவரும் காவிகளாக இருந்தால் மட்டுமே ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு அந்த வாய்ப்பு வருகிறது. வலிப்பு வந்தால் செய்வினை என்கிறார்கள். அது மூளையின் மின்னோட்டத்தில் ஏற்படும் குழப்பம். பெரும்பாலும் மருந்தால் அடங்கும்.

சித்த வைத்தியத்தில் ஓர் அழகான சொல் இருக்கிறது. வாதம், பித்தம், கபம் மூன்றையும் 'முக்குற்றம்' என்பார்கள். இங்கே குற்றம் என்றால் உடலில் நேரும் சமநிலைக் குறை. அதற்காக எவரும் வெட்கப்பட வேண்டியதில்லை. சரி செய்ய வேண்டியதுதான். இரத்தினக்கல் பார்ப்பவர்களும் கல்லில் குற்றம் என்கிறார்கள். கல் பாவம் செய்ததென்று சொல்வதில்லை. குறை என்ற பொருளிலுள்ள குற்றத்தையும் பழி என்ற பொருளிலுள்ள குற்றத்தையும் நாம்தான் ஒன்றாகக் குழைத்து நோயாளியின் தலையில் கொட்டுகிறோம். வந்தவர் நோயாளி. நாம் அவரைக் குற்றவாளி ஆக்கி அனுப்பக் கூடாது.

கடைசியாக ஒன்று. இது பெண்கள் பாடசாலை என்பதால் இங்கே சொல்லியே ஆகவேண்டும். ஒரு சிறுமிக்குத் தீங்கு நேர்ந்தால் நம் ஊரில் முதலில் கேட்கும் கேள்வி, "இவ ஏன் அங்க போனா?" அவளுக்கு இடும் பெயர், "கெட்டுப் போனவள்". கெடுத்தவனுக்குப் பெயரே இல்லை. நமது தண்டனைச் சட்டத்தில் 1995 இல் செய்த திருத்தத்தின்படி, 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை சம்மதித்தாள் என்று சொல்லி எவரும் தப்ப முடியாது. சட்டத்தின் கண்ணில் அவள் எதிரியே அல்லள். ஆனால் லயத்தில், தெருவில், சில வேளை வகுப்பறையிலும் அவளை நாம் கூண்டில் ஏற்றுகிறோம்.

இங்கேதான் 'சுத்தவாளி' என்ற பழைய வடிவம் எனக்கு நெருடுகிறது. சுத்தம் என்ற சொல் பெண்களை அளக்க நீண்ட காலமாகப் பயன்பட்ட கோல். மாதவிடாய் வந்தால் சுத்தமில்லை, பிள்ளை பெற்றால் தீட்டு, தீங்கு நேர்ந்தால் கறை. குற்றமின்மையைச் சுத்தத்தில் வைத்தால், தன் உடம்புக்கு யாரோ செய்ததற்காக ஒரு பிள்ளை சாகும் வரை தன்னைக் கழுவிக்கொண்டே இருப்பாள். அவள் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுப்பதா நமது வேலை?

ஆகவே யாரோ தவறாகத் திருத்தி எழுதிய 'சுற்றவாளி' எனக்குப் பிடித்திருக்கிறது. அதில் சுத்தம் போய்விட்டது, சுற்றம் வந்திருக்கிறது. தன்னைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள் என்ற தைரியம் உடையவள் சுற்றவாளி. தன்மீது பழியில்லை என்று ஒரு பிள்ளை நம்ப வேண்டுமானால், அதை அவள் தனியே இருந்து நம்ப முடியாது. பக்கத்தில் நின்று சொல்ல நாலு பேர் வேண்டும்.

பழைய மாணவிகள் சங்கத்திடம் என் வேண்டுகோள்கள் மூன்று.

முதலாவது, துன்பப்பட்டு வருபவரிடம் "பாவம்" என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். "உங்கமேல குத்தம் இல்ல" என்று வாய் திறந்து, அவருடைய பேச்சிலேயே, சொல்லுங்கள். ஒரு தடவை போதாது.

இரண்டாவது, நம் மாணவி ஒருத்தி வைத்தியசாலைக்கோ பொலிஸுக்கோ நீதிமன்றத்துக்கோ போக நேர்ந்தால் அவளையும் தாயையும் தனியே அனுப்பாதீர்கள். நம்மிடையே ஆசிரியைகள் இருக்கிறார்கள், தாதியர் இருக்கிறார்கள், சட்டம் படித்தவர்கள் இருக்கிறார்கள். முறை வைத்துக்கொண்டு ஒருவர் கூடப் போகலாம். தோட்டத்திலிருந்து முதன்முறை அந்த வாசலுக்கு வருபவருக்கு, எந்த யன்னலில் கேட்பது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்பது பெரிய உதவி. நூற்றாண்டு நிதியில் ஒரு பகுதியைப் பஸ் செலவுக்கும் பகல் சாப்பாட்டுக்கும் ஒதுக்குங்கள்.

மூன்றாவது இங்கே இருக்கும் தங்கைகளுக்கு. 1929 என்ற எண் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையினுடையது, 1938 பெண்களுக்கானது. இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள். தோழி ஒருத்தி உங்களிடம் ஏதாவது சொன்னால், "நீ ஏன் போனாய்" என்று கேட்காதீர்கள். "நான் உன்னோடு வருகிறேன், ரீச்சரிடம் சொல்வோம்" என்று சொல்லுங்கள்.

துண்டு இல்லாமல் தோட்டத்து எல்லையைத் தாண்டினால் சிறை என்றிருந்த காலத்தை அடுத்து, அந்தத் தோட்டத்துப் பெண் பிள்ளைகளும் எழுதப் படிக்க வேண்டும் என்று நம்பியவர்கள் இந்தப் பாடசாலையைக் கட்டிக் காத்தார்கள். எங்கள் அம்மாமாருக்குச் சொல்லிக் கொடுத்தது "கையெழுத்துப் போடு" என்று. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது "எழுந்து நின்று பதில் சொல்" என்று. அடுத்த நூறு ஆண்டில் இங்கே படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்லிக் கொடுப்போம்: எவளாவது எழுந்து நின்று "நான் குற்றம் செய்யவில்லை" என்று சொல்லும்போது, பக்கத்து வாங்கில் இருப்பவளும் எழுந்து நிற்க வேண்டும்.